வண்டி கிளம்பிவிட்டது

ஜூன் 2, திங்கள்

விளம்பரத்தை முதலில் பார்த்தது நான்தான். மற்றதை எழுதுவதற்கு முன்னால் இது எழுத்தில் இருக்கட்டும்.

கோவையில் ஐந்து தனியார் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் அவசர அழைப்பு மையத்துக்குப் பெண்கள் தேவை, பயிற்சி அங்கேயே தரப்படும் என்று பேப்பரில் போட்டிருந்தது. வெட்டியெடுத்து, யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எங்கள் வீட்டில் தாளிப்பது எப்போதும் நான். அன்றைக்கென்று பார்த்து ரசத்துக்குத் தாளிக்க வந்தாள் சிந்துஜா.

சிந்துஜா என் கொழுந்தனாரின் மனைவி. வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் வந்து பதினோரு வருடம். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை காதில் விழும்படி, "அக்கா, நாம ரெண்டு பேருமே போலாமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அத்தை ஒரு தீர்ப்புச் சொன்னார். மாமாவுக்குப் போன வருடம் இதயத்தில் குழாய் வைத்திருக்கிறது. அவரைத் தனியாக விட முடியாது. பயிற்சி முடியும் வரை அத்தையே எப்படியோ சமாளித்துக்கொள்வாராம். அதற்கப்புறம் ஒருத்திதான் வேலைக்குப் போகலாம். "யாரு நல்லாப் பண்றீங்களோ அவுங்க போங்க. இன்னொருத்தரு ஊட்ல இருங்க."

இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தது போல.

இன்றைக்கு முதல் வகுப்பு, நன்றாகவே இருந்தது. சொல்லிக் கொடுப்பவர் ரெஜினா மேடம், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் முகவரி, பிறகு என்ன நடந்தது, பிறகு திரையில் வண்டிக்கான பொத்தான். அதை அழுத்திய பிறகுதான், "வண்டி கிளம்பிவிட்டது, நான் லைனிலேயே இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு நொடி முன்னால்கூடச் சொல்லக் கூடாது. எதிர்ப்பக்கம் இருப்பவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார் என்றார் மேடம்.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருடம் ஸ்கேன் சென்டரில் போன் எடுத்தவள் நான். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பஸ்ஸில் இன்றும் ஜன்னல் ஓரம் அவளுக்கு.

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் முறையாக மேடமே அழைப்பவராக நடித்தார். மனைவி மயங்கிக் கிடக்க, பதறிப்போய்ப் பேசும் ஒரு வயசாளி.

நான் ஒரு கேள்வியும் விடவில்லை. வரிசை மாறவில்லை. முடிந்ததும் மேடம், "பூங்கோதை, குரல் நல்லா இருக்கு. ஆனா ரிப்போர்ட் ரெடியாயிருச்சு, வந்து வாங்கிக்குங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார். வகுப்பு சிரித்தது.

அடுத்து சிந்துஜா. அவள் தெருப்பெயரை இரண்டு தடவை கேட்டாள். வரிசையைக் குழப்பினாள். ஆனால் நடுநடுவே, "சொல்லுங்கப்பா, கேட்டுட்டேதான் இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேடம் நடிப்பதை மறந்து தன் குரலுக்கே திரும்பிவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, என் நோட்டுதானே.

வீட்டுக்கு வந்தோம். அத்தை அவளிடம், "கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது, ஒரு வாய் சாப்புடு" என்றார். என்னிடம், "பூங்கோத, மாவு ஆட்டோணும்" என்றார். பதினோரு வருடமாக நான் பூங்கோதைதான். அவள் வந்த அன்றே கண்ணு ஆகிவிட்டாள். மாமா அப்படி இல்லை. அவருக்கு நாங்கள் இரண்டு பேருமே அம்மிணி.

மாவு ஆட்டினேன். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

வகுப்புக்குள் உட்கார்ந்து நடித்தால் வீட்டுச் சத்தம் வராதாம். அதனால் போன வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், பாதிப் பேர் வீட்டிலிருந்து நோயாளி வீட்டுக்காரராக அழைக்க வேண்டும், மீதிப் பேர் மையத்தில் இருந்து எடுக்க வேண்டும். அதற்கென்று தனி எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த அழைப்புகள் பயிற்சி அறைக்கு மட்டும் வரும். எங்கள் திரையும் நிஜத் திரை மாதிரியேதான் இருக்கிறது, வண்டிப் பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் பச்சை எரியும், ஆனால் எந்த வண்டியும் நகராது.

"இந்த நம்பர்ல வர்றது எல்லாமே நாடகம். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, முறையை மட்டும் பாருங்க" என்றார் மேடம்.

சிந்துஜா அந்த எண்ணைப் போனில் முதல் எண்ணாக வைத்துக்கொண்டாள். அவள் முறை இல்லாத நாளிலும் கூப்பிட்டுப் பழகுகிறாள். மாமாவையும் சேர்த்துக்கொண்டாள். அவர் சோபாவில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு எனக்கு என்ன நோவு அம்மிணி?" என்று கேட்கிறார். நேற்று அவருக்குப் பாம்பு கடித்தது.

அத்தை மட்டும் சேரவில்லை. நல்லா இருக்கிற மனுசனுக்கு நோவுன்னு வாயால சொல்லக் கூடாது என்று முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜூன் 19, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டால் ஆறும் என்று எழுதுகிறேன்.

இன்று மையத்தில் எடுப்பது என் முறை. ஒரு பெண் குரல், "மேடம், மேடம், பாப்பா காசை முழுங்கிருச்சு மேடம், நீலமாயிட்டே வருது" என்று அலறியது. பின்னால் குழந்தை திணறும் சத்தம். ஏதோ நிஜ அழைப்பு வழி தவறி எங்கள் அறைக்கு வந்துவிட்டது என்று நினைத்து, ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, "மேடம், நிஜம், நிஜம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

மேடம் வந்து காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிந்துஜாதான். குழந்தையாக நடித்தது பக்கத்து வீட்டுப் பூனையாம். அறையே சிரித்தது. டீ கொண்டு வந்த அம்மாகூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வேறு யாராவது என்றால் கண்டுபிடித்திருப்பேன். நடிக்கும்போது அவள் குரலே மாறிவிடுகிறது. வீட்டில் வாய்க்கு வாய் அக்கா என்பவள், அந்த எண்ணில் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. மேடம்தான். அந்த அளவுக்குப் பாத்திரமாகவே ஆகிவிடுகிறாள் என்று ரெஜினா மேடம் வேறு புகழ்ந்தார். என்னைப் பார்த்து, அழைப்பில் இருப்பவரைக் கைவிட்டு எழுந்து ஓடுவதுதான் இந்த வேலையில் செய்யக் கூடாத முதல் காரியம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிந்துஜா காபி போட்டுக் கொண்டுவந்து, "கோவிச்சுக்காதீங்கக்கா" என்றாள். கோபமே இல்லை என்றேன். காபி ஆறிப்போன பிறகுதான் குடித்தேன்.

இனி ஒருமுறை என்னை ஏமாற்ற முடியாது. முடியவே முடியாது.

ஜூன் 25, புதன்

இதுவரை மதிப்பெண்ணில் அவள் முதல், நான் இரண்டாவது. கடைசித் தேர்வு அடுத்த வாரம்.

நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பதைப் போனில் சொல்லிக் கொடுக்கும் பகுதி முழுவதும் மனப்பாடம். தலையணையை வைத்து எண்ணி எண்ணிப் பழகுகிறேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அந்தத் தலகாணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். யாரை நினைத்து அழுத்துகிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிர் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஒருவரைத்தான் விடுகிறார்கள். அத்தை இருக்கிறார்.

நேற்று நான் மையத்தில், சிந்துஜா வீட்டில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அழைப்பு. எடுத்ததும் முதல் வார்த்தையே, "அக்கா." பாத்திரத்தை மறந்துவிட்டாள், இதற்கு ஒரு மதிப்பெண் போச்சு என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, மாமா குளிச்சுட்டு வந்தவரு விழுந்துட்டாருக்கா. கூப்புட்டா முழிக்க மாட்டேங்குறாரு. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது."

முகவரி கேட்டேன். நம்ம வீடுதான்க்கா என்றாள். முகவரியைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றேன். அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு போத்தனூர், ரேஷன் கடைச் சந்து, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு என்று அழுதுகொண்டே சொன்னாள். திரையில் டைப் செய்துகொண்டேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை எரிந்தது. "வண்டி கிளம்பிவிட்டது, நான் லைனிலேயே இருக்கிறேன்" என்றேன். என் ஸ்கேன் சென்டர் குரலில்.

பிறகு தலையணையில் பழகியது எல்லாம் வரிசையாக வந்தது. தரையில் மல்லாக்கப் படுக்க வை, போனை ஸ்பீக்கரில் போடு, உள்ளங்கையை நெஞ்சு நடுவில் வை, மேலே இன்னொரு கையை வை, முழங்கையை மடக்காதே, அழுத்து, என்னோடு சேர்ந்து எண்ணு. அவள் எண்ணினாள். மூச்சு வாங்கியது. எவ்வளவு தத்ரூபமாக மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். கை வலிக்குதுக்கா என்றாள். வலித்தால் வலிக்கட்டும், இன்னும் ஆழமாக அழுத்துங்கள், நிறுத்தக் கூடாது என்றேன். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. இந்தத் தடவை நான் எழுந்து ஓடப் போவதில்லை.

பின்னால் அத்தை அழும் சத்தம் கேட்டது. அத்தையைக்கூட நடிக்க வைத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

அப்புறம் அத்தையின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. "பூங்கோத, வண்டிய வெரசா வரச் சொல்லு கண்ணு."

பதினோரு வருடத்தில் அத்தை என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. நாடகத்துக்காகவும் கூப்பிடமாட்டார்.

நிறுத்தாதே சிந்து என்று சொல்லிவிட்டு, ஹெட்போனைப் பக்கத்து இருக்கைத் தேன்மொழி தலையில் மாட்டி எண்ணச் சொல்லிவிட்டு ஓடினேன். எங்கள் பயிற்சி அறைக்கு எதிரில்தான் நிஜ அழைப்புகள் எடுக்கும் கூடம். வாசலில் நின்று எங்கள் வீட்டு முகவரியைக் கத்தினேன். அங்கே ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள், கேள்வி கேட்காமல் அழுத்தினாள். சுந்தராபுரத்தில் நின்ற வண்டி கிளம்பியது. அவள் திரையில் அது நகர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்து சொன்னேன். "வண்டி கிளம்பிருச்சு சிந்து. நான் இருக்கேன்."

அவள் எண்ணுவதற்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டே, "முன்னாடியே சொன்னீங்களேக்கா" என்றாள்.

அதற்கு நான் எண்ணத்தான் செய்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மாமா கண் விழித்தார். விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருக்கிறது. அழுத்தியது சரியாக அழுத்தியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தமாம், டாக்டர் சொன்னார். சிந்துஜாவின் இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன.

இன்று நடக்க இருந்த தேர்வை எங்களுக்காகத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 7, திங்கள்

மேடம் தனியாகக் கூப்பிட்டார். பயிற்சி எண்ணில் பேசியதும் பதிவாகும். முழுவதையும் கேட்டிருக்கிறார்.

தப்பு தன் மேல் என்றார். எல்லாமே நாடகம் என்று சொன்னது அவர்தானாம். இனி பயிற்சி அழைப்பு எடுத்தவுடன் "பயிற்சி" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், சொல்லவில்லை என்றால் நிஜமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்த முறையில் ஒரு குறையும் இல்லை, பத்து வருட அனுபவம் இருப்பவர்கூட இவ்வளவு நிதானமாகச் சொல்லமாட்டார் என்றார்.

போகும்போது கேட்டார். "எடுத்ததுமே அக்கான்னு கூப்பிடறாங்களே, கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை மேடம் என்றேன்.

ஜூலை 12, சனி

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். காலையிலிருந்து சொந்தக்காரர்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மேசை கொள்ளாமல் கிடக்கின்றன. சிந்துஜா எல்லோரிடமும், "அக்காதான் காப்பாத்துனாங்க, நான் சும்மா அவுங்க சொன்னதைச் செஞ்சேன்" என்கிறாள். அவசரத்தில் என்னைக் கூப்பிட்டாள், நான் வண்டி அனுப்பினேன் என்பதுதான் வீட்டில் தெரிந்த கதை. பெரியத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மாமா படுத்துக்கொண்டே, "இந்தத் தடவை நடிக்கலீங் அம்மிணி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று தேர்வு. சிந்துஜா வரவில்லை. வேலைக்குப் போக இஷ்டமில்லை என்று நேற்றே அத்தையிடம் சொல்லிவிட்டாளாம். போன் மணி அடித்தால் கை நடுங்குகிறதாம்.

நான் முதலாவதாக வந்தேன். இரண்டாவதாக யார் வந்தார்கள் என்று பார்க்கவில்லை.

மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவளே பேச்செடுத்தாள். வலது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது, இடது கையால் கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா அந்த நம்பருக்குப் போட்டுட்டேன். நிஜ நம்பர் ஞாபகமே வரல. வெரலு தானா அதுக்குப் போயிருச்சு."

நான் கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினேன்.

"நீங்க ரெண்டாவது தடவை வண்டி கெளம்பிருச்சுன்னு சொன்னப்பவே புரிஞ்சுதுக்கா. ஆனா மொதல் தடவை சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்குக் கையில பலமே வந்துச்சு. ஊட்ல இதெல்லாம் ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

அவள் சண்டை போட்டிருக்கலாம். நடுத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது, பூனையை வைத்து நடித்தவள் நீதானே என்று. அவளோ சோற்றுக்கு உப்பு எடுத்து வைப்பது போல மன்னிப்பை எடுத்து வைத்துவிட்டு, துணி மூட்டையோடு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

இதிலும் அவள்தான் முதல். எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. இவ்வளவு நடந்த பிறகும் எரிகிறதே, இது என்ன வயிறு.

ஜூலை 21, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுத் துணிகூட எடுக்கவிடாத அத்தை, எனக்காக வாசலில் வந்து நின்று, "போயிட்டு வா பூங்கோத" என்றார்.

கண்ணு இல்லை. அது அன்றைக்கு மட்டும்தான் போல.

மதியச் சாப்பாட்டை சிந்துஜா கட்டிக் கொடுத்திருந்தாள். எலுமிச்சை சாதம். நன்றாகவே இருந்தது.

இன்று முதல் நிஜக் கூடம். என் முதல் அழைப்பு ஒரு பையனுடையது, காலேஜ் படிக்கும் வயசு இருக்கும். அவனும் எடுத்ததும், "அக்கா" என்றான். அப்பா பைக்கில் போய் விழுந்துவிட்டாராம். முகவரி வாங்கினேன். அழுத்தினேன். பச்சை எரிந்தது. அந்தப் பச்சையை நம்பவில்லை, திரையில் வண்டி நகரும் வரை பார்த்தேன். நகர்ந்தது. அதற்கப்புறம்தான் சொன்னேன். அவன் அழுதான். என்னை அறியாமல், "சொல்லுங்க தம்பி, கேட்டுட்டேதான் இருக்கேன்" என்றேன்.

யாருடைய வார்த்தை அது என்று ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சிந்துஜா அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், முதல் அழைப்பு என்ன, யார் பேசினது, அவங்க அப்பா பொழைச்சுட்டாரா என்று விடாமல் கேட்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, கொதிக்காத பாலைக் கிளற ஆரம்பித்தாள். கை நடுங்கவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். ஜூன் மாதம் முழுக்க என் கண்ணாடியில் பார்த்த முகம்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் இனிப்பாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று மூன்று வகைச் சாதம். மாமாவைத் தெருமுனை வரைக்கும் நடக்க வைத்தோம். அத்தை அவளைக் கண்ணு என்று ஏழெட்டுத் தடவையாவது கூப்பிட்டிருப்பார். எண்ணுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசை.

மையத்தில் அடுத்த மாதத்திலிருந்து எனக்கு மதிய ஷிப்ட் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தேன்மொழி, எல்லோரும் காலை ஷிப்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள், உனக்கு என்ன பைத்தியமா என்றாள். காலையில் வீட்டில் ஒருத்தி இருந்தால், மதியம் இன்னொருத்தி இருக்கலாம். மாமாவைத் தனியாக விட வேண்டியதில்லை. அத்தையால் இதற்கு ஒன்றும் சொல்ல முடியாது.

இன்றைய பேப்பரில் அடுத்த பயிற்சிக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்திருக்கிறது. இந்தத் தடவையும் முதலில் பார்த்தது நான்தான்.

வெட்டி எடுத்தேன். சிந்துஜா கையில் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை கூடத்துக்குப் போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் காலையிலேயே கிளம்பிவிடுவேன். தாளிக்கப் போவது அவள்தான்.